படிக்கட்டுகளை எண்ணிப் போட்ட சிம்லா திட்டம்

வரும் ஏப்ரல் இறுதியில் குடும்பத்தோடு சிம்லாவுக்குச் செல்வது என்று முடிவாகியிருக்கிறது. அம்மா, சித்தி, தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய இரு பிள்ளைகள் ஆகியோரோடு நானும் செல்கிறேன். அலுவல் காரணமாக அந்த நகரத்தில் முன்பு சில காலம் தங்கியிருந்தவன் என்பதால், திட்டமிடும் பொறுப்பு இயல்பாகவே என் தலையில் விழுந்தது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத் தம்பி ஏற்கெனவே தயாரித்து அனுப்பிவிட்டான். வரைபடத்தில் பார்த்தால் அவை எல்லாமே அருகருகே இருப்பதாகத்தான் தோன்றும்; ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று அவனும் எழுதியிருந்தான்.

அந்தப் பட்டியலை நான் அப்படியே ஒதுக்கி வைத்தேன். சிம்லாவில் இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தைத் தெரிந்துகொள்வதால் அதிகப் பயன் இல்லை. ஒன்றைவிட மற்றொன்று எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அந்த உயரத்தை வாகனத்தில் கடக்கலாமா அல்லது கால்களால்தான் கடக்க வேண்டுமா என்பதே அங்கு கேட்க வேண்டிய கேள்வி. நகரத்தின் நடுவில் உள்ள ரிட்ஜ் திடல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நடந்தே போய்விடலாம் என்று எல்லோரும் சொல்லும் ஜாக்கூ அனுமார் கோயில் 2,455 மீட்டரில் இருக்கிறது. இடைப்பட்ட பாதை இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் என்றாலும், ஏறத்தாழ எண்பது மாடிகள் ஏறுவதற்குச் சமமான ஏற்றம் அதற்குள் இருக்கிறது. எழுபது வயதைக் கடந்த, முழங்கால் வலியுள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்பவருக்கு, மற்ற எல்லாத் தகவல்களையும்விட இதுதான் முக்கியமானது.

நகரத்தின் அமைப்பைச் சற்று விளக்கினால்தான் இது புரியும். 1864 முதல் ஆங்கிலேய இந்திய அரசின் கோடைக்காலத் தலைநகராக விளங்கிய சிம்லா, ஒரு நீண்ட மலை முகட்டின் மீதும் அதன் இரு சரிவுகளிலும் அமைந்திருக்கிறது. முகட்டின் மேலே திறந்தவெளியாக இருப்பது ரிட்ஜ். அதற்குச் சற்றுக் கீழே, முகட்டை ஒட்டியே நீளும் கடைவீதிதான் மால் சாலை. அதற்குக் கீழே மிடில் பஜார், அதற்கும் கீழே லோயர் பஜார், எல்லாவற்றுக்கும் கீழே பேருந்துகளும் வாடகைக் கார்களும் ஓடும் கார்ட் சாலை என நகரம் அடுக்கடுக்காக இறங்குகிறது. ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்குச் செல்ல, செங்குத்தான படிக்கட்டுச் சந்துகளே பெரும்பாலும் வழி. மால் சாலையிலும் ரிட்ஜிலும் பொது வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, சிறப்பு அனுமதி பெற்ற சில வாகனங்கள் ஆகியவை மட்டுமே செல்லலாம். சுற்றுலாப் பயணியைப் பொறுத்தவரை கார்ட் சாலையோடு கார் நின்றுவிடும், அதற்கு மேல் நடைதான்.

ரிட்ஜைப் பற்றி இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகளை அங்கே நிறுத்தி வைத்து இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அந்த முகடு ஒரு நீர்ப்பிரிமேடு. அதன் ஒரு பக்கம் விழும் மழைநீர் சட்லஜ் நதியை அடைந்து அரபிக் கடலை நோக்கிச் செல்கிறது. மறுபக்கம் விழுவது யமுனையில் சேர்ந்து வங்கக் கடலை நோக்கி வருகிறது. திடலுக்கு அடியிலேயே ஆங்கிலேயர் காலத்து நீர்த்தேக்கத் தொட்டி ஒன்று இன்றும் நகரத்துக்குக் குடிநீர் வழங்கிக்கொண்டிருக்கிறது என்பது, அதன் மேல் குதிரைச் சவாரி செய்பவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆகவே, முதலில் முடிவு செய்ய வேண்டியது தங்குமிடம். அதிலும், எந்த விடுதி என்பதைவிட எந்த அடுக்கில் உள்ள விடுதி என்பதே முக்கியம். மால் சாலையை ஒட்டித் தங்கினால் மாலை நேரங்களில் சுகமாக உலவலாம், ஆனால் வந்து இறங்கும் நாளிலும் திரும்பும் நாளிலும் பெட்டிகளோடு மேலே ஏறி இறங்க வேண்டும். கார்ட் சாலையில் தங்கினால் காரை வாசலிலேயே நிறுத்தலாம், ஆனால் ஒவ்வொரு நாளும் மால் சாலைக்கு ஏறிச் செல்ல வேண்டியிருக்கும். நகரத்துக்கு வெளியே மஷோப்ராவிலோ குஃப்ரி சாலையிலோ தேவதாரு மரங்களுக்கு நடுவே தங்குவது அழகாக இருக்கும். எனினும் நகருக்குள் வந்து செல்லும் ஒவ்வொரு முறையும் போக்குவரத்து நெரிசலில் சிக்க நேரும் என்பதால் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

விடுதிகளின் விளம்பரங்களில் ‘மால் சாலையிலிருந்து ஐந்து நிமிட நடை’ என்ற வரி தவறாமல் இருக்கும். அது பொய்யாக இருப்பதில்லை. இறங்கும் திசையில் அளந்த ஐந்து நிமிடமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு விடுதிக்கும் தொலைபேசியில் பேசி, “கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக் கதவு வரை மொத்தம் எத்தனை படிகள்?” என்று கேட்டேன். ஒரு விடுதியில் பேசிய இளைஞர், “அதிகம் இல்லை சார், கொஞ்சம்தான்” என்றார். “அம்மாவுக்கு முழங்கால் வலி, எண்ணிச் சொல்ல முடியுமா?” என்று கேட்டவுடன், இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியோடு வெளியே சென்று, உரக்க எண்ணியபடியே இறங்க ஆரம்பித்தார். ஐம்பதைத் தாண்டியபோது அவருடைய குரலில் தயக்கம் தெரிந்தது. எண்பதைத் தாண்டியதும் அவரே, “உங்கள் அம்மாவுக்கு இது சரிப்படாது சார், லிஃப்டுக்குப் பக்கத்தில் பாருங்கள்” என்று சொல்லிவிட்டார். தன் விடுதிக்கு வரவிருந்த வாடிக்கையாளரை இழந்தாலும் உண்மையைச் சொன்ன அந்த இளைஞரை நான் எளிதில் மறக்க மாட்டேன்.

அவர் குறிப்பிட்ட லிஃப்ட், கார்ட் சாலையையும் மால் சாலையையும் இணைக்கும் பொது மின்தூக்கி. மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் கட்டணம் வாங்கிக்கொண்டு அதை இயக்குகிறது. அது ஒரே மூச்சில் மேலே போய்விடாது; முதல் மின்தூக்கியில் பாதி உயரம் ஏறி, ஒரு நடைபாதையைக் கடந்து, இரண்டாவது மின்தூக்கியில் மீதி உயரத்தை ஏற வேண்டும். விடுமுறை நாட்களின் மாலையில் அங்கே நீண்ட வரிசை நிற்கும் என்றாலும், மூத்தவர்களோடு செல்பவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆகவே மால் சாலையில் அந்த மின்தூக்கியின் மேல் வாசலிலிருந்து ஏற்றமோ படிகளோ அதிகம் இல்லாத ஒரு பழைய விடுதியைத் தேர்ந்தெடுத்தேன். அறைகள் சிறியவை, சன்னலைத் திறந்தால் பனிமலை தெரியாது. தம்பிக்கு அதில் சற்று வருத்தம்தான். பனிமலையைப் பார்க்க ரிட்ஜுக்குப் போனால் போதும் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன். இது தவிர, வாகனத் தடையுள்ள சில சாலைகளில் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் உதவும் வகையில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சிறிய வாடகை வண்டிகளும் ஓடுகின்றன. அவற்றை நம்பி நேரம் குறிக்க முடியாது, கிடைத்தால் ஏறிக்கொள்ளலாம்.

அடுத்தது, எந்த மாதம் என்ற கேள்வி. நம்மவர்களுக்கு மலை என்றால் உதகைதான் அளவுகோல். உதகையின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர், சிம்லாவின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. ஆகவே குளிரும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, உதகைக்கு எடுத்துச் செல்லும் அதே ஒற்றை ஸ்வெட்டரோடு சனவரியில் சிம்லாவுக்குக் கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். உதகை நிலநடுக்கோட்டிலிருந்து பதினொரு பாகை வடக்கே இருக்கிறது, சிம்லாவோ முப்பத்தொரு பாகை வடக்கே இருக்கிறது. உயரம் ஒன்றாக இருந்தாலும், இந்த இருபது பாகை வேறுபாட்டால் சிம்லாவின் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலான இடைவெளி மிகவும் பெரியது. உதகையில் டிசம்பர், சனவரி இரவுகளில் உறைபனி புல்வெளியின் மீது படிவதோடு நின்றுவிடும், வெயில் ஏறியதும் மறைந்துவிடும். சிம்லாவில் வானத்திலிருந்தே பனி பொழிந்து, கூரைகளிலும் பாதைகளிலும் கெட்டியாகி, நாட்கணக்கில் வழுக்கும். லக்கர் பஜாருக்கு அருகில், இயற்கையான குளிரிலேயே தண்ணீரை உறைய வைத்துச் சறுக்கி விளையாடும் களம் ஒன்று இருக்கிறது என்பதிலிருந்தே அந்தக் குளிரை ஊகித்துக்கொள்ளலாம்.

பனிப்பொழிவைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையிலான காலம் ஏற்றது. ஆனால் குறிப்பிட்ட நாளில் பனி பொழியும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. பொழிந்துவிட்டாலோ சாலைகள் அடைபடும், படிக்கட்டுகள் கண்ணாடிபோல் வழுக்கும். மூத்தவர்களை அழைத்துச் செல்பவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரையிலான மழைக்காலத்தை நான் எவருக்குமே பரிந்துரைக்க மாட்டேன். 2023 ஆகஸ்ட் 14 அன்று, சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவு ஒரு சிவன் கோயிலை அடித்துச் சென்றதில் பலர் உயிரிழந்தனர். அதே சரிவில் மலை ரயில் பாதையின் அடியில் இருந்த மண் அரித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை நாளிதழ்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். மழையில் நனைந்த தேவதாருக் காடு கண்கொள்ளாத அழகு என்பதை மறுக்கவில்லை, ஆனால் திரும்பி வரும் நாளைத் தீர்மானிக்கும் உரிமை அந்த மாதங்களில் நம் கையில் இருப்பதில்லை.

மிஞ்சுவது மார்ச் முதல் ஜூன் முற்பகுதி வரையிலும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையிலும் உள்ள காலம். வானம் துல்லியமாக இருந்து தொலைதூரப் பனிச் சிகரங்கள் தெரிவது அக்டோபர், நவம்பரில்தான். தனியாகச் செல்வதாக இருந்தால் நான் அப்போதுதான் செல்வேன். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அதற்கு இடம் தரவில்லை. இங்கே ஒரு சிறிய சூட்சுமம் இருக்கிறது. நம் மாநிலத்தில் ஏப்ரலிலேயே தேர்வுகள் முடிந்துவிடுகின்றன. டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் கோடை விடுமுறை பெரும்பாலும் மே மாத நடுவில்தான் தொடங்குகிறது. அதன் பிறகு சமவெளியின் வெயிலுக்கு அஞ்சி வடநாட்டவர் மொத்தமாக மலையேறுவார்கள், கார்ட் சாலையில் வண்டிகள் நகராது. ஏப்ரல் கடைசி வாரம் நமக்கு விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி நாள். கூட்டம் குறைவு, குளிரும் தாங்கும் அளவுக்கு இருக்கும், காடுகளில் புராஞ்ச் என்று உள்ளூரில் அழைக்கப்படும் சிவந்த மலர்களில் கடைசிச் சில மரங்களிலாவது மிஞ்சியிருக்கக்கூடும்.

மே, ஜூன் மாதங்களைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018ஆம் ஆண்டு மே இறுதியில் சிம்லாவில் கடுமையான குடிநீர்ப் பஞ்சம் ஏற்பட்டது. மக்கள் குடங்களோடு லாரிகளுக்காக இரவும் பகலும் காத்திருந்தார்கள். பள்ளிகள் சில நாட்கள் மூடப்பட்டன. தயவுசெய்து இப்போது வராதீர்கள் என்று உள்ளூர்வாசிகளே சமூக ஊடகங்களில் சுற்றுலாப் பயணிகளைக் கேட்டுக்கொண்டார்கள். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.7 லட்சம் மக்கள் வாழும் நகரம் அது. ஆங்கிலேயர் அதைத் திட்டமிட்டதோ இருபத்தைந்தாயிரம் பேருக்கு. கோடையில் அங்கே வந்து சேரும் கூட்டத்துக்கும் சேர்த்து, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றியாக வேண்டும். அதன் பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது என்றாலும், கோடை உச்சத்தில் செல்பவர்கள் விடுதியில் முழு நாளும் தண்ணீர் வருமா என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை. படிகளின் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக நான் கேட்ட கேள்வி அதுதான்.

இனி, போகும் வழி. சென்னையிலிருந்து விமானத்தில் சண்டிகருக்கோ டெல்லிக்கோ செல்லலாம். ரயில் விரும்பிகள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ டெல்லி சேரலாம். சிம்லாவுக்கு அருகில் ஜுப்பர்ஹட்டியில் ஒரு சிறிய விமான நிலையம் உண்டு. மேகமூட்டம் வந்தால் விமானம் ரத்தாகும் என்பதால் அதை நம்பித் திட்டம் போடுவதில்லை. சண்டிகரிலிருந்து சிம்லா சாலை வழியே சுமார் 115 கிலோமீட்டர்; நான்கு மணி நேரம் என்பார்கள், சனி ஞாயிறுகளில் அதோடு எவ்வளவு சேரும் என்பது வழியில் உள்ள நெரிசலைப் பொறுத்தது.

மேலே செல்லும்போது மலை ரயில், கீழே வரும்போது கார் என்று பிரித்துக்கொண்டேன். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய பாதை 1903இல் திறக்கப்பட்டது. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றது. நம் நீலகிரி மலை ரயிலுக்கு அந்தப் பெருமை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி. இரண்டும் மலை ரயில்கள் என்றாலும் ஏறும் முறை வேறு. மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவுக்குச் செங்குத்தானது, ஆகவே தண்டவாளங்களின் நடுவே உள்ள பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் ஏறுகிறது. கால்காப் பாதையில் பற்சட்டம் கிடையாது. 33 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற மிதமான ஏற்றத்தைத் தாண்டாமல் இருப்பதற்காக, பாதை மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களையும் எண்ணூறுக்கும் மேற்பட்ட பாலங்களையும் கடந்து செல்கிறது. 656 மீட்டரில் இருக்கும் கால்காவிலிருந்து 2,076 மீட்டரில் இருக்கும் சிம்லா நிலையத்தை அடைய ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இந்த மெதுவான ஏற்றம் உடலுக்கும் நல்லது. காரில் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பிச் செல்லும்போது பிள்ளைகளுக்கு வரும் குமட்டல், மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலில் பெரும்பாலும் வருவதில்லை. நடுவழியில் பரோக் என்ற நிலையத்தில் வண்டி சற்று நேரம் நிற்கும். அதற்கு முன்னால் வருவது 33ஆம் எண் சுரங்கம். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது, அந்தப் பாதையிலேயே மிகப் பெரியது. வெளிச்சத்திலிருந்து சுரங்கத்துக்குள் நுழைந்தவுடன் பெட்டியில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் கூச்சலிடுவார்கள், பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள், பாதிச் சுரங்கம் போவதற்குள் பெரியவர்களில் சிலரும் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிடுவார்கள். வெளியே வந்தவுடன் சில்லென்ற காற்றும், பைன் மரங்களுக்கு நடுவே நீல வண்ணச் சன்னல்கள் கொண்ட ஒரு கட்டடமும், தேநீர் விற்பவர்களின் குரலும் வந்து சேரும். ஸ்வெட்டரை அங்கேயே எடுத்துப் போட்டுக்கொள்வது நல்லது, அதனால் அதைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வைக்க வேண்டும்.

இருக்கைகள் குறைவு என்பதால் முன்பதிவு தொடங்கும் நாளிலேயே பதிவு செய்வது அவசியம். முன்பு நூற்றிருபது நாட்களாக இருந்த ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் அறுபது நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பழைய கணக்கை நம்பி இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டெல்லியிலிருந்து செல்பவர்கள் இரவு ரயிலான நேதாஜி எக்ஸ்பிரஸில் விடியும் முன் கால்காவை அடைந்து முதல் மலை ரயிலைப் பிடிக்கலாம், அல்லது காலையில் கிளம்பும் சதாப்தியில் வந்து பகல் வண்டியைப் பிடிக்கலாம். நாங்கள் சதாப்தியைத் தேர்ந்தெடுத்தோம். அம்மாவால் நள்ளிரவில் தூங்கி அதிகாலை மூன்று மணிக்கு எழ முடியாது என்பது ஒரு காரணம். மலைப்பாதை முழுவதையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று.

சிம்லாவை அடையும் நாளன்று எந்தத் திட்டமும் வைக்கவில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தமும், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் கடலோரத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. உயர்மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொந்தரவு தரும், ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் சமதளத்தில் எளிதாக ஏறும் பத்துப் படிகள் அங்கே முதல் நாளில் மூச்சு வாங்க வைக்கும். சித்திக்கு ரத்த அழுத்தம் உண்டு. கிளம்புவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன், மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து வைக்கவும் சொல்லியிருக்கிறேன். அடிப்பகுதி வழுக்காத காலணி, காதை மூடும் குல்லா, அம்மாவுக்கு ஒரு மடிப்புக் கைத்தடி. இவை போதும். ஏப்ரலில் கனத்த கம்பளிக் கோட்டுகள் தேவைப்படாது, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ள மெல்லிய உடைகள் இருந்தால் வெயிலுக்குத் தக்கபடி கழற்றிக்கொள்ளலாம்.

பார்க்கும் இடங்களில் நான் விட்டுக்கொடுக்க மறுத்தது ஒன்றே ஒன்று: அப்சர்வேட்டரி குன்றின் மேல் உள்ள பழைய வைஸ்ராய் மாளிகை. 1888இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சாம்பல் நிறக் கல் மாளிகையை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும், எழும்பூர் ரயில் நிலையத்திலும், மைசூர் அரண்மனையிலும் கைவண்ணம் காட்டிய அதே இர்வின்தான். எழும்பூரின் சிவப்பு நிறத்தையும் குவிமாடங்களையும் தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஸ்காட்லாந்துக் கோட்டை போன்ற இந்தக் கட்டடத்தை அதே மனிதர் வரைந்தார் என்பதை நம்பச் சற்று நேரம் ஆகும். 1945இல் வைஸ்ராய் வேவல் கூட்டிய சிம்லா மாநாடு இங்கேதான் நடந்தது. சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் என்ற முறையில் ராஜாஜியும் அதில் கலந்துகொண்டார். விடுதலைக்குப் பின் குடியரசுத் தலைவரின் கோடை இல்லமாக இருந்த மாளிகையை, ஆய்வாளர்களுக்குப் பயன்படட்டும் என்று விட்டுக்கொடுத்தவர் திருத்தணிக்காரரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1965 முதல் அங்கே இந்திய உயர் ஆய்வு நிறுவனம் இயங்கிவருகிறது. சில அறைகளை மட்டும் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள். வழக்கமாகத் திங்கட்கிழமை விடுமுறை, அதனால் செவ்வாய் காலையை அதற்கு ஒதுக்கியிருக்கிறேன். வாயில் வரை கார் செல்லும் என்பது அம்மாவுக்கு வசதி.

ஜாக்கூவுக்கு ரிட்ஜின் அருகிலிருந்தே கயிற்று ஊர்தி 2017 முதல் ஓடுகிறது, ஆகவே அந்த எண்பது மாடிக் கணக்குக்கு அங்கே வேலையில்லை. மேலே 108 அடி உயர அனுமார் சிலையைவிட, அனுமாரின் படையிடம்தான் எச்சரிக்கை தேவை. அங்குள்ள குரங்குகள் உணவைத் தேடி வருவதோடு நிற்பதில்லை. மூக்குக் கண்ணாடியை நேராக முகத்திலிருந்தே பறிக்கின்றன, ஏதாவது தின்பண்டத்தை வீசினால் மட்டுமே திருப்பிக் கீழே போடுகின்றன. இந்தப் பண்டமாற்றில் அவை அடைந்திருக்கும் தேர்ச்சி வியப்பளிப்பது. கண்ணாடி இல்லாமல் சித்தியால் ஓர் அடிகூட வைக்க முடியாது என்பதால், அங்கே மட்டும் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்து, அவர் கையை நான் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு.

குஃப்ரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். பனி இல்லாத நாட்களில் அங்கே மட்டக்குதிரைகளும் புழுதியும்தான் அதிகம். அதற்குப் பதிலாக ஒரு முழு நாளை நார்கண்டாவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். சிம்லாவிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், 2,700 மீட்டர் உயரம், வழியெங்கும் ஆப்பிள் தோட்டங்கள், ஏப்ரலில் அவை பூத்திருக்கும் பருவம். கெய்ட்டி நாடக அரங்கு, கிறிஸ்து ஆலயம் போன்றவை மால் சாலைக்கும் ரிட்ஜுக்கும் இடையிலேயே இருப்பதால் அவற்றுக்குத் தனி நேரம் தேவையில்லை. மாலை உலாவின்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம், பார்க்காவிட்டாலும் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தபடி நடந்து செல்பவர்களை வேடிக்கை பார்ப்பதே அம்மாவுக்குப் பிடிக்கும்.

திரும்பும் பயணத்தில் மட்டும் தம்பிக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. காலையில் சிம்லாவிலிருந்து கிளம்பி, மாலையில் சண்டிகரில் விமானம் ஏறிவிடலாம் என்பது அவன் வாதம். நான்கு மணி நேரப் பாதைக்கு எட்டு மணி நேரம் வைத்திருக்கிறோமே என்கிறான். பர்வானூவுக்கும் சோலனுக்கும் இடையில் மலையை வெட்டி அகலப்படுத்திய சாலையில், மழையே இல்லாத நாளிலும் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டால் பின்னால் எவ்வளவு தூரத்துக்கு வண்டிகள் நிற்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் நாள் மதியமே இறங்கி, சண்டிகரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் ராக் கார்டனைப் பார்த்துவிட்டு விமான நிலையம் செல்வது என் யோசனை. விமான டிக்கெட்டை இன்னும் போடவில்லை. சிம்லா விடுதியில் கடைசி இரவை ரத்து செய்ய ஏப்ரல் முதல் வாரம் வரை அவகாசம் தந்திருக்கிறார்கள், அதற்குள் அவனைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.